மண்ணெண்ணெய்க் காரும் மச்சானின் ஜீப்பும்

முறிகண்டியில் நிற்கும்போது வாகனம் எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். ஏ-9 வீதியால் போகிறவர்கள் அந்தப் பிள்ளையாரைக் கண்டும் காணாமல் போவது அருமை. பஸ்காரர் நிறுத்துவார், லொறிக்காரர் நிறுத்துவார். ஒரு தேங்காய், ஒரு கற்பூரம், பிறகு ஒரு சரை கச்சான். வன்னிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. கடந்த ஆவணியில் மச்சான் கொழும்பிலிருந்து வருகிறான் என்று அங்கே காத்து நின்றேன். பஸ், டிப்பர், ஹயஸ் வான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வீட்டுப் பாவனைக்கென்று ஓடுகிறவற்றை மட்டும் எண்ணினேன். கச்சான் முடிய இருபத்தாறு. அதில் பதினைந்து ஜீப். எங்கள் ஊரில் நிலத்திலிருந்து ஒரு சாண் கூடுதலாக எழும்பி நின்றால் அது ஜீப்தான். கொம்பனி அதற்கு எஸ்யூவி என்று பெயர் வைத்தாலும் கிறொஸோவர் என்று வைத்தாலும் நாங்கள் மாற்றிச் சொல்லப் போவதில்லை. பதினாறாவதாக மச்சான் வந்து இறங்கினான்.

இறங்கினான் என்றால் உண்மையிலேயே இறங்கினான். ஒரு படி, பிறகு நிலம். மனைவியின் தம்பி, ரொறொன்ரோவுக்குப் போய் இருபத்தைந்து வருடமாகிறது. கொழும்பில் வாடகைக்கு எடுத்த பெரிய டீசல் ஜீப், இருண்ட கண்ணாடி. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த ஆல்டோவைத்தான் முதலில் பார்த்தான். "அத்தான், இன்னும் இந்தத் தீப்பெட்டியையோ வச்சிருக்கிறியள்?" என்றான். சிரித்தேன். அது பகிடி, அது தைக்கவில்லை. அடுத்ததாகச் சொன்னதுதான் மூன்று கிழமையாக மண்டைக்குள் கிடந்து உருண்டது. "வன்னி றோட்டுக்கு ஜீப்தான் சரி, அத்தான்."

எந்த றோட்டுக்கு? நாங்கள் நின்றுகொண்டிருந்த ஏ-9 கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அவன் கொழும்பிலிருந்து அந்த நான்கு சில்லையும் ஒரு தடவைகூடச் சேற்றில் நனைக்காமல் வந்து சேர்ந்திருந்தான். வட்டக்கச்சிக்குத் திரும்புகிற உள்வீதி கொஞ்சம் கிறவல், கொஞ்சம் கிடங்கு, அவ்வளவுதான். வன்னி றோட்டு உண்மையிலேயே வன்னி றோட்டாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அதற்கு வருகிறேன்.

மச்சான் கனடாவில் ஓடுவது பிக்கப். அங்கே வருடக்கணக்காக அதிகம் விற்கிற வாகனமே ஃபோர்ட் எஃப்-வரிசைப் பிக்கப்தானாம், கார் இல்லை. விடிய 401 நெடுஞ்சாலையால் தனியாக வேலைக்குப் போய்த் தனியாகத் திரும்புகிறவனுக்கு அந்தப் பின்பெட்டி எதற்கு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒருக்கா சோபா ஏத்தினனான்" என்றான். இங்கே லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியைப் பாருங்கள். காலையில் நெல் மூட்டை, மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னேரம் கோயிலுக்கு மோளக்காரர், இரவில் சாவு விழுந்தால் அதற்கும் அதுதான். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறியபோது சனத்தை ஏற்றி இறக்கியவை உழவு மெசின்கள். தேவை என்று வந்தால் என்ன வேண்டும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏ-40

அப்பாவிடம் இருந்தது ஒரு ஒஸ்ரின் ஏ-40. 1950களில் இங்கிலாந்தில் செய்தது, 1200 சீசீ எஞ்சின், பழைய பாண் மாதிரி உருண்டையான உடம்பு. கிளிநொச்சிச் சந்தியில் வாடகைக்கு ஓடினார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றபோது அந்தக் கார் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடியது. அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காக மட்டும் கொஞ்சம்: காபரேற்றருக்குள் ஊசிமருந்துச் சிறிஞ்சால் சில துளி பெற்றோல் விட வேண்டும். அந்தத் துளிகளில் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைப் புகை ஊரையே மூடும். பின்சீற்றில் இருந்த பொம்பிளைக்குத் தாலி கட்டும்போதும் கூறைச்சேலையில் மண்ணெண்ணெய் மணத்தது என்று என் பெரியம்மா தன் மகளின் கலியாணத்தைப் பற்றி இன்றைக்கும் சொல்வார்.

இது ஏன் சாத்தியமானது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் கராச் மாமா. உறவு இல்லை, அப்பாவின் காருக்கு வைத்தியம் பார்த்தவர், ஊரெல்லாம் அவருக்கு மாமா என்றுதான் பெயர். ஒரு போத்தல் மூடியையும் விரலையும் வைத்துக் காட்டுவார். பழைய எஞ்சின் காற்றையும் எண்ணெயையும் ஏழு மடங்கு அளவில்தான் அமுக்கும். அந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் முட்டாமல் எரிந்துவிடும். புதிய எஞ்சின்கள் பத்து மடங்குக்கு மேல் அமுக்குகின்றன. அவற்றில் மண்ணெண்ணெய் விட்டால் பிஸ்ரனை சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்கும், பிறகு எஞ்சினே இருக்காது. ஆகவே தடைக் காலத்தில் புதுக் கார் வைத்திருந்தவர்கள் அதைக் கிடுகால் மூடி வைத்தார்கள், ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் வைத்திருந்தவர்கள் ராசாவானார்கள். இது வன்னியின் கண்டுபிடிப்பு என்று வெகுநாள் நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். பிறகுதான் வாசித்தேன், இங்கிலாந்திலேயே அந்தக் காலத்து ஃபேர்குசன் உழவு மெசினில் ஒரு வகை, பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் மாதிரியான மலிவு எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டதாம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

96இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து நாங்கள் மல்லாவியில் இருந்தோம். மாரிகாலத்து மல்லாவி வீதியை நினைத்தால் இப்போதும் முழங்கால் வரை செம்மண் ஏறுகிறது. அந்தச் சேற்றில் ஏ-40 ஓடியது. ஐந்து பேர் இருக்கிற காரில் ஒன்பது பேர், கூரையில் ஒரு கட்டில். புதைந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம், அது வந்துவிடும். காரின் நிறை ஒரு தொன்னுக்குள்தான். தள்ளக்கூடிய கார் என்று ஒரு இனம் இருந்தது என்பதை இப்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நிறைமாதக்காரிகளை எத்தனை பேரை அப்பா இரவில் ஏற்றிப் போனார் என்று எனக்குத் தெரியாது. மூன்று பிள்ளைகள் அந்தப் பின்சீற்றிலேயே பிறந்தது மட்டும் தெரியும், ஒரு பெடியனுக்கு ஊரில் ஒஸ்ரின் என்றே பட்டப்பெயர்.

2009இல் அதை இரணைப்பாலையில் ஒரு பனையடியில் விட்டுவிட்டு நடந்தோம். அப்பா திறப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மீள்குடியேறி வந்து, துருப்பிடித்து மலைபோலக் குவிந்துகிடந்த வாகனங்களுக்குள் தேடினார். கிடைக்கவில்லை. திறப்பு இப்போதும் சாமியறையில் தொங்குகிறது.

இரண்டு தடைகள்

மச்சான் சொன்னது உறுத்தத் தொடங்கிய பிறகு இந்த ஜீப் விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். சனத்தின் விருப்பம் மாறிவிட்டது, ஆகவே கொம்பனிகள் சின்னக் காரை நிறுத்துகின்றன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுகிற கதை. அது பாதிக் கதை. மற்றப் பாதியும் ஒரு தடையில்தான் தொடங்குகிறது, எங்களுடையது மாதிரி.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய்யை மறித்தன. அமெரிக்காவில் பெற்றோல் வரிசை நீண்டது. 1975இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ஒரு கொம்பனி விற்கிற கார்கள் சராசரியாக ஒரு கலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும். அது ஏறி ஏறி 27.5 மைலில் வந்து வெகுகாலம் நின்றது. ஆனால் கமக்காரனும் மேசனும் பாவிக்கிற சின்ன ட்ரக்குகளை அப்படி நெருக்கக்கூடாது என்று அவற்றுக்குத் தனியாக ஒரு இளகிய அளவு வைத்தார்கள். 1990களின் நடுவில் அது 20.7 மைல்தான். ஒரு வேலியில் இரண்டு கடப்பு வைத்து, ஒன்றை அகலமாக வைத்தால் மாடு எதால் போகும்? குடும்பம் போகிற வண்டியை ட்ரக்கின் சட்டத்தில் ஏற்றி, ட்ரக் என்று பதிந்து விற்கத் தொடங்கினார்கள். இதோடு, 1964இலிருந்து வெளிநாட்டுச் சின்ன ட்ரக்குகளுக்கு அங்கே 25 சதவீத இறக்குமதி வரி. ஐரோப்பாவோடு கோழியிறைச்சி விற்பனையில் வந்த ஒரு சண்டைக்குப் பதிலடியாகப் போட்டது, கோழிச் சண்டை முடிந்தும் வரி முடியவில்லை. போட்டியாளன் இல்லாத சந்தையில் இலாபம் எப்படி இருக்கும் என்று சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரியும். 2018இல் ஃபோர்ட், வட அமெரிக்காவில் தன் சாதாரண கார்களை ஒவ்வொன்றாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. மஸ்ராங் மாதிரிச் சிலதுதான் மிச்சம். 2023இல் ஐரோப்பாவில் ஃபியஸ்ராவும் முடிந்தது. காற்றுப்பையும் புகைவடியும் சின்னக் காருக்கும் பெரிய ஜீப்புக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. ஆனால் சின்னக் காரின் விலையில் அந்தச் செலவு முழித்துக்கொண்டு தெரியும்.

இந்தியாவின் கதை இன்னும் வேடிக்கை. 2006இல், சின்னக் கார்களை ஊக்குவிப்பதற்காக நான்கு மீற்றருக்குள் அடங்குகிற கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். கொம்பனிகள் என்ன செய்தன? நீளத்தைத்தானே அளக்கிறீர்கள், உயரத்தை இல்லையே என்று மேல்நோக்கி வளர்ந்தன. 3.995 மீற்றரில் ஒரு ஜீப். கோடு வரைந்த இடத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் இப்பால். 1983இல் வந்து அரை இந்தியாவுக்கும் எங்களுக்கும் கார் ஓட்டப் பழக்கிய மாருதி 800, 2014இல் நின்றது. அதன் வாரிசான ஆல்டோ 800, 2023இல் நின்றது. 2024-25 நிதியாண்டில் அங்கே விற்ற பயணிகள் வாகனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு இந்த யூற்றிலிற்றி வகைதான். உலகம் முழுவதையும் எடுத்தாலும் 2023இல் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவி என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. நடுத்தரக் கார் ஒன்றைவிட 200, 300 கிலோ கூடுதல் நிறையோடு.

நாங்களும் விடவில்லை. இலங்கையில் எஞ்சினின் சீசீயைப் பார்த்து வரி. அதனால் 996 சீசீயில் ரேர்போ பூட்டிய குட்டி ஜீப் ஜப்பானிலிருந்து வருகிறது. அதன் நீளமும் 3.995 மீற்றர். உலகம் முழுக்க யாரோ ஒருவர் ஒரே அளவு நாடாவை வைத்துக்கொண்டு நிற்கிறார் போல. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 மாசியில் மறுபடி தனியாருக்குத் திறந்தது. எங்கள் ஒழுங்கையில் முதலாவது புதுவரவு இந்த வகைதான். உரிமையாளர் நல்ல மனிதர், பெயர் வேண்டாம். ஐப்பசி மழையில் அதை வயலுக்குள் இறக்கினார். ஜீப்தானே என்று. பின்சில்லுக்குச் சக்தி போவதே இல்லை, முன்சில்லு மட்டும் சுற்றுகிற சின்னக் கார்தான் அது, உயரமான சட்டை போட்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இழுத்துவிட்டது லான்ட்மாஸ்டர். இழுத்த பெடியன் காசு வாங்கவில்லை, ஒரு செல்பி மட்டும் கேட்டான்.

ஜப்பானில் அப்படி இல்லை. 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சீசீ, இதற்குள் அடங்கினால் வரியும் குறைவு, கரைச்சலும் குறைவு என்று விதி. அங்கே விற்கிற புதுக் கார்களில் மூன்றில் ஒன்று இன்றைக்கும் அந்தக் குட்டிக் கார்கள்தான். ஜப்பானியனுக்கு உயரம் பிடிக்காது என்று யாரும் சொல்லமாட்டார்கள். விதி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் விருப்பமும் வழிகிறது. சுயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பெற்றோலுக்குப் பங்கீட்டு அட்டை வந்த பிறகுதான் இங்கிலாந்தில் மினியையே செய்தார்கள், 1959இல், மூன்று மீற்றர் நீளத்தில். இன்றைக்கு அதே பெயரில் நாலேகால் மீற்றருக்கு மேல் நீளமாக ஒரு ஜீப் விற்கிறது.

2022இல் எங்களுக்கும் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்ததே. தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் ஆல்டோவுக்கும் 20, பெரிய ஜீப்புக்கும் 20. அந்த நாலைந்து மாதம் நான்தான் ஒழுங்கையின் ராசா. கிளினிக், சோதனை மண்டபம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஆட்கள் என்னைத்தான் கேட்டார்கள். அப்பா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வரிசை முடிந்தது, மறந்துவிட்டார்கள். நானும்தான்.

வாய்க்கால் றோட்டு

இவ்வளவையும் மச்சானுக்கு ஒப்புவித்து அவனை மடக்க நினைத்திருந்தேன். அதற்கிடையில் ஒரு நாள் அவனுக்கு வயிற்றாலடி. அம்மாவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆல்டோ கராச்சில். "என்ரைய எடுத்துக்கொண்டு போங்கோ அத்தான்" என்று திறப்பைத் தந்தான்.

அம்மாவுக்கு முழங்கால் மடியாது. ஆல்டோவில் ஏற்றுவது என்றால் முதலில் குந்தவைத்து, தலையைக் குனியவைத்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைக்க வேண்டும், ஏற முன்னமே நாரி பிடித்துவிடும். ஜீப்பில் ஒரு சின்ன வாங்கு வைத்துவிட்டோம், தானாக ஏறி இருந்துவிட்டார். குனிய வேண்டியதில்லை. வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு சொன்னார், "இப்பத்தான்ரா வயல் தெரியுது." வாய்க்கால் கட்டுக்கு அப்பால் பச்சையாகக் கிடந்தது. ஆல்டோவிலிருந்து பார்த்தால் கட்டு மட்டும்தான் தெரியும். எத்தனையோ வருடம் அந்த வீதியால் கட்டைப் பார்த்துக்கொண்டுதான் அவரைக் கூட்டிப் போயிருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

எனக்கும் பிடித்தது. மறைக்கப் போவதில்லை. கரடிப்போக்குப் பக்கம் பொலிஸார் மறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆல்டோவென்றால் கை தானாக எழும்பும், லைசன்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் என்று பத்து நிமிடம். ஜீப்பைக் கண்டதும் எழும்பின கை பாதியில் நின்று, போகச் சொல்லிக் காட்டியது. வங்கி வாசலில் காவலாளி ஓடிவந்து தடுப்பை விலக்கினார். கிழமைக்கு இரண்டு தரம் என்னைப் பார்க்கிற மனிதர், அன்றைக்குத்தான் சேர் என்றார். முதுகு நிமிர்ந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனுடைய முதுகை ஒரு வாகனம் நிமிர்த்துகிறது என்றால் கொம்பனிக்காரனுக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அம்மாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் பின்னேரம் தனியாகத் திரும்பினேன். வாய்க்கால் றோட்டுக் கிறவல். இரு பக்கமும் முள்ளும் நாயுருவியும். சூரியன் நேரே கண்ணாடியில். முன்னால் ஒரு சைக்கிள் வந்தது. ஜீப்பைக் கண்டதும் சைக்கிள் நின்றது. அதில் வந்தவர் இறங்கினார். இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். அது போதும், வழி இருந்தது, ஜீப் தாராளமாகப் போகலாம். ஆனால் அவர் நிற்கவில்லை. சைக்கிளையும் தூக்கி முள்ளுக்குள் வைத்து, தானும் முள்ளுக்குள் ஏறி நின்றார். தலைக்குக் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தை நிமிர்த்தவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

கராச் மாமா. எழுபத்தெட்டு வயது.

அவர் அப்படி நின்றதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காவலரணைக் கண்டால் சைக்கிளால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கப் பழகிய சனம் நாங்கள். கொன்வே வந்தால் றோட்டைவிட்டு இறங்கி, அது போய் முடிகிற வரைக்கும் நின்ற சனம். எங்களுடைய வாழ்நாளில் உயரமான வாகனத்தில் எங்களுடைய ஆள் வந்தது மிகக் குறைவு. வந்தவர்கள் துவக்கோடு வந்தார்கள், அல்லது கொடியோடு, அல்லது நீளமான அன்ரனாவோடு. 2008 புரட்டாதியில் ஐ.நா.வின் அந்த அன்ரனா வைத்த வெள்ளை ஜீப்புகள் வரிசையாகத் தெற்கே போனதையும் நாங்கள் றோட்டோரத்தில் நின்றுதான் பார்த்தோம். பிறகு அமைச்சர்மார் வந்தபோது முன்னும் பின்னும் டிபெண்டர்கள். உயரம் வந்தால் ஒதுங்கு. இது மூளையில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. என் முழங்காலிலும் இருக்கிறது. காலையில் வங்கி வாசலில் என் முதுகு நிமிர்ந்தது வேறு எதனால்?

கண்ணாடியை இறக்கி "மாமா, நான்தான்" என்று சொல்லத்தான் கையை நீட்டினேன். கதவில் நாலைந்து பொத்தான். முதல் அமத்தியதில் பின்கண்ணாடி இறங்கியது. அடுத்ததில் பக்கக் கண்ணாடி மடங்கியது. அதற்குள் ஜீப் அவரைக் கடந்துவிட்டது. பின்கண்ணாடியில் பார்த்தேன், என் புழுதிக்குள் அவர் தெரியவில்லை. நிறுத்தியிருக்கலாம். பின்னுக்கு எடுத்திருக்கலாம். இறங்கி நடந்திருக்கலாம். மூன்று கிழமையாக இந்த மூன்றையும் செய்துகொண்டே இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மேசன் பெடியன் விட்டுப்போன அளவு நாடாவை எடுத்துப் பொனற்றின் முன்பக்க உயரத்தை அளந்தேன். மச்சான் யன்னலால் பார்த்துக்கொண்டு, "என்ன அத்தான், வாங்கப் போறியளோ?" என்றான். நாற்பது அங்குலத்தைத் தாண்டி நின்றது. என் நெஞ்சுக்குக் கீழே, மாமாவுக்கு நெஞ்சு மட்டத்தில் வரும். அமெரிக்காவில் காப்புறுதிக் கொம்பனிகளின் காசில் வீதிப் பாதுகாப்பை ஆராய்கிற நிறுவனம் ஒன்று 2023இல் சொன்னது: பொனற் நாற்பது அங்குலத்துக்கு மேல் போனால், அடிபடுகிற பாதசாரி சாகிற சாத்தியம் தாழ்ந்த, சரிந்த முன்பக்கம் உள்ள காரோடு ஒப்பிட்டால் 45 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. தாழ்ந்த கார் காலில் அடித்து ஆளை மேலே தூக்கிப் போடும். உயர்ந்தது நெஞ்சில் அடித்துக் கீழே போடும். ஆல்டோவின் முன்பக்கம் என் தொடையில் முட்டுகிறது. அப்பாவின் ஏ-40 எவ்வளவு உயரம் என்று யோசித்துப் பார்த்தேன். சின்னப் பெடியனாக அதன் பொனற்றில் கன்னத்தை வைத்துச் சூடு பார்த்த ஞாபகம் இருக்கிறது, அளவு ஞாபகம் இல்லை.

மச்சான் போய்விட்டான். போகும்போது, ஜீப் எடுப்பதென்றால் பாதிக் காசு தான் தருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அம்மாவின் முழங்காலுக்காக என்றானாம். வீட்டில் இப்போது அது ஒரு கதையாக ஓடுகிறது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆல்டோவின் முன்சீற்றுக்குக் கீழே இரண்டு அங்குலம் மரத்துண்டு வைத்து உயர்த்தலாமா என்று கேட்கத்தான் நேற்று கராச் மாமாவிடம் போனேன். படலையைத் திறக்க முன்னமே ஆல்டோவின் சத்தத்தைக் கேட்டு, "வா தம்பி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தேத்தண்ணி குடித்தோம். சீற்றைப் பார்த்தார், செய்யலாம் என்றார். காலில் இரண்டு இடத்தில் முள்ளுக் கீறிக் காய்ந்திருந்தது.

வெளிக்கிடும்போது கேட்டார்.

"அண்டைக்கு வாய்க்கால் றோட்டால ஒரு பெரிய ஜீப் போச்சுது. கறுப்புக் கண்ணாடி. உன்ரை வீட்டுப் பக்கம்தான் திரும்பினது. ஆரெண்டு கண்டனியோ?"

"இல்லை மாமா. ஏன்?"

"டீசல் எஞ்சின். ஒரு இன்ஜெக்ரர் ஒழுங்காய் அடிக்கேல்லை, சத்தத்தில விளங்கினது. இப்பிடியே ஓடினா பிஸ்ரனை உருக்கிப் போடும். பெரிய ஆக்களாக்கும், நான் போய்ச் சொல்லேலாது. நீ ஆளைக் கண்டா சொல்லிவிடு."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.